நொக்டேர்னுக்கு றோல்ஸ் பொரிப்பவர்

சிவாஜினி றோல்ஸ் பொரிக்கும்போது மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. மேல்மாடியில் யார் பியானோ வாசிக்கிறார்கள் என்றுதான் கேட்பார்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருக்கிற அந்தப் பழைய மண்டபத்தின் மேல்மாடியில் பியானோ வகுப்பு நடக்கும். கீழே பின்பக்கத்துக் குசினியை சிவாஜினி வாடகைக்கு எடுத்து, சிற்றுண்டி செய்து கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் கொடுக்கிறார். வகுப்பறை யன்னலும் குசினி யன்னலும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. அதனால் மேலே தட்டுகிற ஒவ்வொரு சுரமும் நேராக எண்ணெய்த் தாச்சிக்குள் விழும்.

மேலே படிக்கிற பிள்ளைகள் ஓரளவு தேறியதும் எல்லோருக்கும் ஒரே நொக்டேர்னைத்தான் மிஸ் சொல்லிக்கொடுப்பார். போலந்து நாட்டுக்காரர் ஒருவர் ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன்பு எழுதியது. நொக்டேர்ன் என்றால் இரவை நினைத்து எழுதிய இசை என்று மகள் நிவேதிகா ஒருமுறை விளங்கப்படுத்தினாள். சிவாஜினி அதைக் கேட்பதோ எப்போதும் பட்டப்பகலில், எண்ணெய்ச் சத்தத்தோடு. ஒரு தாச்சி றோல்ஸ் போட்டு எடுக்கிற நேரமும் அந்த நொக்டேர்னின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவருக்கு மணிக்கூடு தேவைப்படவில்லை.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் வாசிப்பார்களா?

"ஆர் மேல?" என்று அசனா கேட்பார். அசனா குறிஞ்சாக்கேணியிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர். மரக்கறி வெட்டி, றோல்ஸ் சுற்றி, றஸ்குத்தூளில் பிரட்டிக் கொடுப்பது அவருடைய வேலை.

"யதுர்சன். நெருப்பைக் குறையுங்கோ."

யதுர்சன் வாசித்தால் ஒவ்வொரு சுரத்தையும் விட மனமில்லாமல்தான் விடுவான். அவனுடைய நொக்டேர்னில் பொரிந்த றோல்ஸ் நல்ல கறுப்பாக வரும். அவற்றைத் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் வாங்குவார்கள், அவர்களுக்கு மொறுமொறுப்பு வேண்டும். நிவேதிகா வாசித்தால் பொன்னிறம். அது வங்கிக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் போகும். முன்பு ஒரு பிள்ளை இருந்தாள், இப்போது கனடாவில் இருக்கிறாள். அவள் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவள் மாதிரி வாசிப்பாள். அவளுடைய காலத்தில் றோல்ஸுக்கு உள்ளே சூடு போகவில்லை என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

சிவாஜினி பியானோவில் ஒரு கட்டையைக்கூடத் தொட்டதில்லை. அன்புவழிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் சங்கீதத்துக்குக் கிடைத்த புள்ளிகளைப் பற்றி இன்றைக்கும் கதைக்க விரும்பமாட்டார். கணவர் கிருஷாந்துக்குத் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வருகிற படகில் வேலை. மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் சும்மா இருக்க ஏலாமல்தான் இந்தக் குசினியை எடுத்தார். மேலே வாசிக்கிற சத்தம் முதல் மாதம் முழுக்கத் தலையிடியாக இருந்தது. பிறகு அது பழகியது. அதற்குப் பிறகு, சத்தம் இல்லாத நாட்களில் மாவு சரியாக வரவில்லை என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. மகளைக் கொண்டுபோய் அந்த வகுப்பில் சேர்த்தார்.

"இடக்கை வள்ளம்" என்று அவர் அசனாவுக்கு விளங்கப்படுத்துவார். "கட்டிவைச்ச வள்ளம் தண்ணியில எழும்பி எழும்பித் தாழுற மாதிரி. வலக்கை அதுக்குள்ள இருக்கிற ஆள். அந்த ஆள் ஒரே கதையைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுது. ஆனா ஒவ்வொருக்காவும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுது."

"எங்கட மாமி மாதிரி" என்பார் அசனா.

அந்த நொக்டேர்னில் சிவாஜினிக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. முடிவு நெருங்கும்போது மெட்டு மேலே ஏறி ஒரு சுரத்தைத் தொடும். உடனே அதே சுரத்தை இன்னொரு முறை தொடும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன நிற்பு வரும். வேகமாக வாசிக்கிற பிள்ளையும் அதில் நிற்கும், மெதுவாக வாசிக்கிற பிள்ளையும் நிற்கும். வாசல் படலை வரைக்கும் போன ஆள் ஏதோ சொல்ல மறந்து நிற்பது மாதிரி இருக்கும் அது. கிருஷாந்த் ஒவ்வொரு நாள் காலையும் வேலைக்குப் போகும்போது படலையில் அப்படித்தான் நிற்பார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று பார்த்தால், "என்ட போனைக் கண்டனீரோ?" என்று கேட்பார். ஆனாலும் அவர் நிற்கிற அந்தக் கணம் சிவாஜினிக்குப் பிடிக்கும். அந்த இடம் வரும்போது அவர் எண்ணெய்க் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டாவது சுரம் விழுந்ததும் கரண்டி தாச்சிக்குள் போகும்.

நிவேதிகா உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த வருடம் அந்தப் போட்டி வந்தது. கிழக்கு மாகாணத்தில் பியானோ படிக்கிற பிள்ளைகளில் ஒருவரைத் தெரிவுசெய்து, கொழும்பில் ஒரு வருடம் தங்கவைத்துப் படிப்பிக்க ஒரு இசைச் சங்கம் முன்வந்தது. எல்லோரும் வாசிக்க வேண்டியது இதே நொக்டேர்ன். நிவேதிகாவுக்கு அந்த இடம் வேண்டும். வேறு எதையும் அவள் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. வீட்டில் மேசையில் சாப்பிட இருந்தால் கோப்பைக்குப் பக்கத்தில் விரல்கள் ஓடும். சிவாஜினிக்கும் அந்த இடம் வேண்டும். ஒரு வருடம் மகள் இல்லாமல் வீடு எப்படி இருக்கும் என்ற நினைப்பை அவர் மாவோடு சேர்த்துப் பிசைந்து வைத்துக்கொண்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. அசனாவின் அக்கா மகன் அப்ராஸும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். அவனுக்குப் பியானோ இல்லை, வீட்டில் ஒரு கீபோட்தான். கிண்ணியாவில் ஒரு சங்கீத ஆசிரியரிடம் கொஞ்சம் படித்து, மிச்சத்தைப் போனில் பார்த்துப் பழகியவன்.

"உங்கட மருமகன் என்னெண்டு வாசிப்பான்?" என்று சிவாஜினி கேட்டார்.

"மருமகன் இல்ல அக்கா, நான் அவன்ட சாச்சி. எனக்கு அவன் மகன்தான்" என்றார் அசனா. "என்னெண்டு வாசிப்பான் எண்டு எனக்குத் தெரியாது. நான் கேட்டா, கதவைச் சாத்திப் போடுவான்."

"அப்ப பயப்பிடத் தேவையில்லை."

"பயந்து பாருங்க, ஒண்டும் குறையாது" என்று சொல்லி அசனா வெங்காயத்தை வெட்டினார்.

போட்டிக்கு முன்பு, நகரத்தில் போட்டி நடக்கிற மண்டபத்திலேயே பழகிப் பார்க்க ஒரு பின்னேரம் கொடுத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு புதுப் பியானோ வந்து இறங்கியிருந்தது. பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுக்கிற பொறுப்பு சிவாஜினிக்குக் கிடைத்ததால் அவரும் அசனாவும் பின்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். தாச்சி இல்லாமல் அந்த நொக்டேர்னை சிவாஜினி கேட்பது அதுதான் முதல் தடவை. கையில் என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

யதுர்சன் வாசித்தான். அதே ஆறுதலான வேகம். அந்த இடம் வந்ததும் நின்றான். சிவாஜினியின் வலக்கை தானாக உயர்ந்தது.

"அக்கா, கரண்டி இல்ல" என்று அசனா காதுக்குள் சொன்னார்.

பிறகு அப்ராஸ் வந்தான். மெலிந்த பையன், சேட்டின் கைகளை முழங்கைக்கு மேலே மடித்திருந்தான். அவன் வாசிப்பில் வள்ளம் இல்லை. அது ஒரு பையன் ரகசியம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வேகமாக நடந்துபோவது மாதிரி இருந்தது. முடிவுக்குக் கிட்டத்தில், வலக்கை மிக மேலே போய்ச் சின்ன மணிகளைக் குலுக்குகிற மாதிரி ஓடுகிற இடம் இருக்கிறதே, அங்கே யதுர்சன் எப்போதும் ஏணியில் ஏறுவது மாதிரித்தான் ஏறுவான். அப்ராஸ் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்கும்படி வாசித்தான். ஆனால் அதற்கு முன்னால், நிற்க வேண்டிய இடத்தில் அவன் நிற்கவில்லை. நேராகப் போய்விட்டான்.

"அங்க ஒரு இடத்தை விழுங்கிப் போட்டான்" என்றார் சிவாஜினி, கொஞ்சம் நிம்மதியோடு.

நிவேதிகாவின் முறை வந்தது. அவளும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிவாஜினி நேராகக் குசினிக்குப் போனார். பின்னால் வந்த மகளிடம் கேட்டார்.

"நீ ஏன் அந்த இடத்தில நிக்கேல்லை?"

"எந்த இடத்தில?"

"எல்லாரும் நிக்கிற இடம் பிள்ளை. ரெண்டு தரம் தட்டுறது."

நிவேதிகா தாயை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அம்மா, அங்க நிக்கத் தேவையில்லை. அது எங்கட பியானோட வருத்தம்."

"என்ன வருத்தம்?"

அவள் போனை எடுத்து, பெரிய ஆட்கள் அந்த நொக்டேர்னை வாசித்த பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினாள். ஒரு வயதானவர், ஒரு இளம் பெண், யாரோ ஒரு சீனப் பையன். ஒவ்வொருவரும் வெவ்வேறு விதம். ஒருவர் அவசரம், ஒருவர் அழுகை, ஒருவர் கண்ணாடி மாதிரிச் சுத்தம். ஒருவர்கூட அந்த இடத்தில் நிற்கவில்லை. சிவாஜினி மூன்றாவது பதிவின் நடுவிலேயே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மறுநாள் காலை வகுப்புத் தொடங்க முன்பு, மகளைச் சேர்த்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக சிவாஜினி மேல்மாடி ஏறினார். அசனாவும் பின்னால் வந்தார். நிவேதிகா அந்தக் கட்டையைக் காட்டினாள். சிவாஜினி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை அழுத்தினார். சுரம் கேட்டது. விரலை எடுத்தார். கட்டை மேலே வரவில்லை. கொஞ்சம் கழித்து, காலையில் எழும்ப மனமில்லாத பிள்ளை மாதிரி, மெல்ல மெல்ல வந்தது.

"கடல் காத்து, அம்மா. ஈரம் பிடிச்சுக் கட்டை இறுகிப் போகுது. மிஸ் எத்தினை தரம் திருத்திப் பாத்தவ, திருப்பியும் இப்பிடித்தான் வரும். அது மேல வந்தாத்தானே ரெண்டாந்தரம் தட்டலாம்? அதுதான் எல்லாரும் நிக்கிறம். இங்க படிச்ச ஆக்களுக்கு அது கையில ஊறிட்டு. எனக்கே அந்தப் புதுப் பியானோவில வாசிக்கேக்கதான் விளங்கினது."

சிவாஜினி அந்தக் கட்டையை இன்னொரு முறை அழுத்தினார்.

"அப்ப, நான் இவ்வளவு வருசமாப் பிடிச்சிருக்கு பிடிச்சிருக்கு எண்டது ஒரு கட்டைட நோயையோ?"

அசனா சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்து அடக்க ஏலாமல், படிக்கட்டில் குந்திக்கொண்டு சிரித்தார். சிவாஜினிக்கும் சிரிப்பு வந்தது. நிவேதிகா மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா, நான் ஒண்டு கேக்கட்டோ? நான் போட்டியில நிக்கட்டோ, விடட்டோ? நீங்க சொல்லுறதைச் செய்யிறன்."

"ஏன் என்னைக் கேக்கிறாய்? எனக்கு என்ன தெரியும்?"

"நான் வாசிக்கிறதை என்னை விடக் கூடக் கேட்ட ஆள் நீங்கதானே."

இப்படி ஒரு கேள்வியை சிவாஜினி எதிர்பார்க்கவில்லை. விடு என்று சொன்னால் மகளுக்கு அந்த இடம் கிடைக்கலாம், பெரிய ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் அது அவருடைய மனதில் இல்லாத வார்த்தை. நில் என்று சொன்னால், றோல்ஸ் பொரிக்கிற ஒரு தாயின் ஆசைக்காக மகளின் கொழும்பு போய்விடலாம். அவர் பியானோ மூடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"நீ கேட்டபடியா உண்மையைச் சொல்லுறன். நிண்டாத்தான் எனக்குப் பிடிக்கும். ஆனா தீர்ப்புச் சொல்லுற ஆள் நான் இல்லை. நீ அங்க இருந்து வாசிக்கேக்க, உன்ட காது என்ன கேக்குதோ அதைச் செய். பிறகு என்னை நினைச்சு ஒண்டும் செய்யாத."

கீழே இறங்கும்போது அசனா சொன்னார், "நல்ல பதில் அக்கா. ஆனா, நிண்டாத்தான் பிடிக்கும் எண்டதை விட்டிருக்கலாம்."

"பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?"

"இல்ல. வாயை மூடச் சொல்லுறன்."

அந்த வார்த்தை சிவாஜினியின் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. போட்டி நாள் வரைக்கும் அது போகவில்லை.

போட்டிக்குக் கிருஷாந்தும் லீவு போட்டு வந்திருந்தார். நடுவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா. நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தார். மட்டக்களப்பிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். சிவாஜினிக்கு அவர்களுடைய வாசிப்பு ஒன்றும் காதில் ஏறவில்லை. யதுர்சன் வழமைபோல நின்றான். அப்ராஸ் வழமைபோல நிற்காமல் போனான், பழகிப் பார்த்த நாளைவிட இன்னும் நன்றாக. அசனா தன் மடியில் இருந்த கைப்பையைத் திறந்து திறந்து மூடினார்.

நிவேதிகா இருந்தாள். தொடங்கினாள். வள்ளம் எழும்பித் தாழ்ந்தது. அந்தக் கதை வந்தது, திரும்பி வந்தது, கொஞ்சம் கூட்டி இன்னொரு முறை வந்தது. சிவாஜினி இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். மெட்டு மேலே ஏறியது. சுரத்தைத் தொட்டது.

நின்றாள்.

அந்தப் புதுப் பியானோவில் கட்டை எப்போதோ மேலே வந்துவிட்டது. அவள் இன்னும் நின்றாள். வகுப்பில் நிற்பதைவிடக் கூட நேரம் நின்றாள். படலையில் நின்ற ஆள் திரும்பி, சொல்லவந்ததைச் சொல்லாமலே போவது மாதிரி, இரண்டாவது சுரத்தை மெதுவாக வைத்தாள். கிருஷாந்த், "இது நல்லா இருக்கு" என்று மனைவியின் பக்கம் சாய்ந்து சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அதற்குப் பிறகு அந்த மணிகள் ஓடுகிற இடம் வந்தது. அங்கே நிவேதிகாவின் விரல்கள் ஒன்றோடொன்று மோதின. பெரிய பிழை இல்லை. ஆனால் மணிகள் தனித்தனியாகக் கேட்கவில்லை, ஒரு கைப்பிடியாக விழுந்தன. அவள் சமாளித்து முடித்தாள்.

நடுவர் தீர்ப்புச் சொல்ல முன்பு பிள்ளைகளோடு கதைத்தார். "திருகோணமலைப் பிள்ளைகள் ரெண்டு பேர் ஒரே இடத்தில நிண்டீங்க. நோட்டில அப்படி இல்லையே. ஏன்?"

யதுர்சன் எழுந்து, "எங்கட பியானோவில அந்தக் கட்டை எழும்பாது மிஸ்" என்றான். மண்டபம் சிரித்தது. அவனும் சிரித்தான்.

நடுவர் நிவேதிகாவைப் பார்த்தார். "நீங்களும் அதாலயா?"

"முதல் அதாலதான் மிஸ்" என்றாள் நிவேதிகா. "இண்டைக்கு, எனக்கு அங்க நிக்க வேணும் போல இருந்தது."

நடுவர் தலையை ஆட்டி எதையோ எழுதினார். பிறகு அப்ராஸின் பெயரைச் சொன்னார்.

முச்சக்கர வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். நிவேதிகா நடுவில். கொஞ்சத் தூரம் போனதும் சிவாஜினி கேட்டார், "நான் சொன்னதாலயோ?"

"இல்லை அம்மா. அந்த மணி ஓடுற இடம் பிழைச்சுப் போட்டுது. அப்ராஸ் அதை எவ்வளவு வடிவா வாசிச்சவன். நீங்களும் கேட்டனீங்கள்தானே."

"நிண்டதாலதான் அங்க தடுமாறினியோ?"

நிவேதிகா தன் விரல்களைப் பார்த்தாள். வண்டி கடற்கரை வீதியில் திரும்பியது. "இருக்கலாம்" என்றாள். "நிண்டது நல்லா வந்திட்டுது எண்டு சந்தோசப்பட்டன். அந்தச் சந்தோசத்தில விரலை மறந்திட்டன்." பிறகு தாயின் தோளில் தலையைச் சாய்த்தாள். "அடுத்த வருசமும் போட்டி இருக்காம். ரெண்டையும் செய்யப் பழகுறன்."

கிருஷாந்த் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். படலையில் இறங்கியதும், போன் எங்கே என்று தேடினார்.

அடுத்த சில நாட்கள் குசினியில் கதை குறைந்திருந்தது. சிவாஜினிக்கு அசனா மேல் கோபம் இல்லை, ஆனால் முகம் கொடுக்க ஏலவில்லை. மாவை அளவுக்கு மிஞ்சி அடித்துப் பிசைந்தார். அசனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் சொன்னார்.

"அக்கா, கோவம் எண்டா கோவம் எண்டு சொல்லுங்க. மாவில காட்டாதீங்க. கடைக்காரங்கள் என்ன பாவம் செய்தாங்க?"

சிவாஜினி மாவில் கையை வைத்தபடி நின்றார். "கோவம் இல்லை. அவன் நல்லா வாசிச்சவன். அதுதான் எனக்குக் கஷ்டம். கூடாமல் வாசிச்சிருந்தா உங்களோட சண்டை பிடிச்சிருப்பன்."

"அப்ப நான் ஒண்டு கேக்கட்டுமா? கொழும்புக்குப் போறதுக்கு முன்னுக்கு அவன் உண்மையான பியானோவில கொஞ்சம் பழக வேணுமாம். கீபோட்டுக் கட்டை பஞ்சு மாதிரி, அங்க போய்க் கை நோகும் எண்டு பயப்பிடுறான். மேல இருக்கிறதில வாசிக்கக் கேட்டுத் தருவீங்களா?"

சிவாஜினி கையைக் கழுவினார். மேலே போய் மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு வந்தார். "காலமை வரட்டாம்" என்று மட்டும் சொன்னார்.

அப்ராஸ் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குசினிக்குள் எட்டிப் பார்த்து, "மாமி, போகட்டா?" என்று கேட்டான். சிவாஜினி ஒரு றோல்ஸைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்து, மேலே காத்திருந்த நிவேதிகாவிடம் அனுப்பினார். தாச்சியை அடுப்பில் வைத்தார். மேலே நொக்டேர்ன் தொடங்கியதும் முதல் தொகுதியைப் போட்டார்.

அந்த இடம் வந்தது. மெட்டு மேலே ஏறிச் சுரத்தைத் தொட்டது. பிறகு ஒரு வெறும் தட்டல் சத்தம், சுரம் இல்லை. வாசிப்பு அப்படியே அறுந்துபோனது.

"அக்கா, இந்தக் கட்டை வேலை செய்யுதில்ல" என்ற அப்ராஸின் குரல் யன்னலால் கேட்டது.

"வேலை செய்யும். நீர்தான் ஓடுறீர்" என்றாள் நிவேதிகா. "கொஞ்சம் நில்லும். அது வரும். விரலை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்காதையும், காதால கேளும்."

"எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"அது உமக்கே தெரியும். சரி, நான் நிக்கிறதைச் சொல்லித்தாறன், நீர் எனக்கு அந்த மணி ஓடுற இடத்தைக் காட்டும்."

கீழே அசனா றோல்ஸ் சுற்றுவதை நிறுத்தியிருந்தார். சிவாஜினி முதல் தொகுதியை எடுத்துவிட்டுக் கரண்டியோடு காத்திருந்தார். அப்ராஸ் முதலிலிருந்து தொடங்க, அடுத்த தொகுதியைப் போட்டார். அதே வேகம், அதே ரகசியம். அந்த இடத்துக்கு வந்ததும் நின்றான். ஒரு கணம் கூடிப்போய், பிறகு பயந்துபோய்த் தட்டினான். மணிகள் தனித்தனியாக விழுந்தன. முடித்தான்.

சிவாஜினி ஒரு றோல்ஸைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதை அசனாவுக்கும் காட்டினார். பிறகு யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

"தம்பி, இன்னொருக்கா வாசியுங்கோ. ஆறுதலா. இது இன்னும் வெள்ளையா இருக்கு."